அரிராங்: விட்டுவிட்டுப் போகிறவரைப் பார்த்துப் பாடும் கொரியப் பாட்டு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரியத் தொடர்கள் பார்க்கிற வீடுகளில் இந்தப் பாட்டு எப்படியும் ஒருநாள் காதில் விழுந்துவிடும். அலை மாதிரி ஏறி இறங்கும் மெட்டு, 'அரிராங், அரிராங்' என்று தொடக்கம். தாலாட்டு என்று நினைப்பவர்கள் உண்டு. தேசிய கீதம் என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டும் இல்லை. காதலித்தவர் விட்டுவிட்டுப் போகும்போது, விடப்பட்டவர் பாடுகிற பாட்டு இது. இதன் அர்த்தம் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும், கொரிய மொழி படிக்கத் தொடங்கிய நாட்களில் நானே கேட்டுத் திரிந்தவற்றையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

பாட்டின் வரிகள் என்ன? நேர் அர்த்தம் என்ன?

எல்லோரும் அறிந்த வடிவத்தில் பல்லவியும் முதல் சரணமும் இவ்வளவுதான்:

அரிராங் அரிராங் அராரியோ
அரிராங் கோகேரோ நொமொகந்தா
நாருல் பொரிகோ காஷினுன் நிமுன்
சிம்னிதோ மொத்காசொ பல்ப்யொங் நந்தா

சொல்லுக்குச் சொல் வைத்தால்: 'அரிராங் கணவாயைத் தாண்டிப் போவது நடக்கிறது. என்னை விட்டுவிட்டுப் போகிற அன்பர், பத்து ரி தூரம்கூடப் போகமாட்டார், கால் நோகும்.'

உச்சரிப்புக்கு ஒரு சின்ன உதவி. 'நாருல்', 'காஷினுன்', 'நிமுன்' ஆகியவற்றில் வரும் உகரத்தை உதட்டைக் குவித்துச் சொல்லக் கூடாது. 'காது', 'பாட்டு' என்று சொல்லும்போது கடைசியில் நம் வாயில் வரும் குற்றியலுகரம்தான் அது. ஆங்கிலம் வழியாகக் கொரியம் படிக்கிறவர்கள் இந்த ஒலிக்கு மாதக்கணக்கில் தவிப்பார்கள். நமக்குப் பிறந்ததிலிருந்தே இருக்கிறது.

'அரிராங்' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்?

முடிவான விடை கிடையாது. அழகு என்று ஒரு விளக்கம். 'காயம் எரிகிறது, வலிக்கிறது' என்னும் பொருளுள்ள 'அரிதா' என்ற வினையிலிருந்து வந்தது என்று இன்னொன்று. 'நான் என் அன்பரைப் பிரிகிறேன்' என்று பொருள்படும் மூன்று சீன எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ஏறக்குறைய இந்த ஒலி வருகிறது என்பார்கள். ஓர் அதிகாரியின் மகளாகப் பிறந்து, கொலையுண்டுபோன ஆராங் என்ற பெண்ணின் பெயரோடு முடிச்சுப் போடும் கதையும் உண்டு. 1865-இல் அரண்மனையைத் திரும்பக் கட்டும் வேலைக்கு மக்களைப் பிழிந்தெடுத்தபோது, 'என் காது செவிடாகிப் போகட்டும்' என்று அவர்கள் முனகியதுதான் அரிராங் ஆனது என்றுகூடச் சொல்கிறார்கள்.

இதில் எதையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். நம் 'ஏலேலோ'வுக்கும் 'தன்னானே'வுக்கும் அகராதியில் பொருள் தேடுவதில்லை அல்லவா? வாய்க்குப் பிடித்த ஒலி, வேலைக்கும் நடைக்கும் மூச்சுக்கும் ஒத்துவந்த ஒலி. அரிராங்கையும் நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

கொரியாவில் அப்பாவை 'அப்பா' என்றுதானே கூப்பிடுகிறார்கள். அரிராங் தமிழ்ச் சொல்லாக இருக்குமோ?

இல்லை. ஒலி ஒற்றுமை இருக்கிற சில சொற்களை வைத்துக்கொண்டு இரு மொழிகளும் ஒரே குடும்பம் என்று சொல்ல முடியாது. மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை.

ஆனால் இந்தக் கேள்விக்குள் ஓர் உண்மையான சங்கதி ஒளிந்திருக்கிறது. அரிராங்கை முதன்முதலில் மேலைநாட்டு இசைக்குறியீட்டில் எழுதி, 1896-இல் அச்சேற்றியவர் ஹோமர் ஹல்பெர்ட் என்ற அமெரிக்கர். 1886-இல் ஆசிரியராகக் கொரியாவுக்கு வந்தவர். அதே மனிதர்தான் 1905-இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூல் எழுதினார். இரண்டுக்கும் உறவு உண்டு என்பது அவருடைய கருத்து. அந்தக் கருத்து நிற்கவில்லை, அவர் எழுதிய பாட்டு நின்றுவிட்டது. கொரியர்களின் சாப்பாட்டில் சோறு எப்படியோ அப்படித்தான் அவர்கள் இசையில் இந்தப் பாட்டு, மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ளத்தான் என்ற கருத்தில் அப்போதே எழுதியிருக்கிறார். சோறு தின்கிற நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பத்து 'ரி' என்றால் எவ்வளவு தூரம்?

கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர். ஒரு ரி சுமார் 400 மீட்டர். சாதாரணமாக நடந்தால் ஒரு மணி நேர நடை.

இந்தத் தூரத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நூறு ரி என்றோ ஆயிரம் ரி என்றோ பாடவில்லை. கூப்பிடு தூரத்தைத் தாண்டிவிட்டார், ஆனால் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். அந்த இடத்தில்தான் கால் நோகப் போகிறது.

கால் நோகும் என்பது சாபம்தானே? 'நாசமாய்ப் போ' என்கிற மாதிரி?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நானும் முதலில் சாபம் என்றுதான் நினைத்திருந்தேன். பாட்டு சொல்லித்தந்த கொரிய ஆசிரியை அந்த மூன்றாம் வரியைக் கரும்பலகையில் பிரித்து எழுதிக் காட்டியபோது எண்ணம் மாறியது. அதே மாதிரி இங்கே பிரித்துக் காட்டுகிறேன்.

'நாருல்' என்றால் என்னை. அடுத்து 'பொரிகோ'. இதன் வேர்ச்சொல் 'பொரிதா'. குப்பையை வெளியே போடுவதற்கும் இதே வினைதான். கடுமையான சொல். 'என்னைத் தூக்கிப் போட்டுவிட்டு' என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொரு வினையோடு சேர்ந்து வரும்போது இதற்குத் துணைவினை வேலையும் உண்டு: 'போய்விட்டான்', 'தின்றுவிட்டான்' என்பதில் நம் 'விடு' செய்கிற அதே வேலை. ஒரு காரியம் முடிந்துபோனது, இனி மீட்க முடியாது என்ற உணர்வு. அதனால் 'என்னை விட்டுவிட்டு' என்று தமிழில் சொன்னால் கொரிய வரி சொல்வதை ஏறக்குறைய முழுதாகவே சொல்லிவிடுகிறோம்.

அடுத்த சொல் 'காஷினுன்'. இங்கேதான் நான் நின்றுவிட்டேன். 'போகிற' என்பதற்கு வெறும் 'கானுன்' போதும். நண்பன் போனாலும் நாய் போனாலும் 'கானுன்'தான். நடுவில் ஒரு 'ஷி' வந்து உட்கார்ந்தால் அது மரியாதை. அப்பா போனால், ஆசிரியர் போனால், மாமியார் போனால் அந்த 'ஷி' வரும். ஆங்கில மொழிபெயர்ப்பில் இது சுத்தமாகக் காணாமல் போய்விடும், அந்த மொழியில் வைக்க இடமில்லை. தமிழில் இடம் இருக்கிறது: 'போகிறவன்' இல்லை, 'போகிறவர்'. 'போறான்' இல்லை, 'போறார்'.

அதற்கடுத்து 'நிம்'. தொடர் பார்க்கிறவர்களுக்கு 'சொன்செங்னிம்' (ஆசிரியர்) என்ற சொல்லின் வாலாக இது பழக்கம், அங்கே அது மரியாதை ஒட்டு. பாட்டில் தனிச்சொல்லாக வருகிறது: மனதுக்கு உரியவர், அன்பர். பௌத்தத் துறவியும் கவிஞருமான ஹான் யோங்-உன் 1926-இல் வெளியிட்ட கவிதைத் தொகுப்பு முழுக்க இந்த நிம்மை நோக்கிப் பேசுவதுதான். அங்கே நிம் காதலராகவும் இருக்கலாம், ஜப்பானிடம் பறிபோன நாடாகவும் இருக்கலாம்.

ஆக, ஒரே வரியில் குப்பையைப் போல என்னைப் போட்டுவிட்டார் என்ற வினையும் இருக்கிறது, அப்படிப் போட்டவருக்கு 'ஷி' வைத்த மரியாதையும் இருக்கிறது. கோபத்தில் முதலில் பறிபோவது மரியாதை விகுதிதான் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். நேற்று வரை 'அவர்' என்றவர்கள் இன்று 'அவன்' என்பார்கள். இந்தப் பாட்டில் அது போகவில்லை.

கடைசி வரியின் வினையையும் பாருங்கள். 'நந்தா' என்பது நடப்பதைச் சொல்லும் வடிவம். 'நோகும்', அவ்வளவுதான். 'நோகட்டும்' என்று சபிக்க வேறு வடிவம் கொரியத்தில் தாராளமாக இருக்கிறது. பாட்டு அதைத் தொடவில்லை. பிள்ளை வெயிலில் செருப்பில்லாமல் கிளம்பினால் ஆத்தா வாசலில் நின்று 'கால் சுடும்யா' என்பாளே, அந்தத் தொனி. 'பல்ப்யொங்' என்பதற்கு நேர்ச்சொல் கால்நோய் ('பல்' என்றால் கொரியத்தில் பாதம்). நமக்கு நோயும் நோவும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதால் 'கால் நோகும்' என்பது மொழிபெயர்ப்பு மாதிரியே இல்லை.

கால் நொந்தால் என்ன ஆகும்? உட்கார வேண்டும். உட்கார்ந்தால் திரும்பிப் பார்க்கத் தோன்றும். பாட்டு கேட்பது அதைத்தான் என்று நான் நம்புகிறேன். இதைச் சாபம் என்று வாசிக்கிற கொரியர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் அந்த 'ஷி' அங்கே இருக்கும்வரை எனக்கு அது சாபமாகக் கேட்காது.

பாடுவது ஆணா, பெண்ணா?

வரிகளில் சொல்லவில்லை. 'நிம்' ஆணுக்கும் பொது, பெண்ணுக்கும் பொது, நம் 'அவர்' போல. பெரும்பாலும் பெண்குரலாகக் கற்பனை செய்வது வழக்கம். ஆண்கள் பாடியும் ஏராளமாகக் கேட்கலாம்.

கணவாய் ஏன் வருகிறது?

'கோகே' என்றால் இரண்டு மலைகளுக்கு நடுவே பாதை ஏறி மறுபக்கம் இறங்கும் இடம். கொரியத் தீபகற்பத்தில் பெரும்பகுதி மலை. ஒரு ஊரிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் சீக்கிரத்தில் ஒரு கோகே வந்துவிடும். ஊரில் நின்றபடி, போகிறவர் ஏறுவதைக் கடைசிவரை பார்க்கலாம். உச்சியைத் தொடுவார், தலை தெரியும், அப்புறம் இல்லை. சமவெளியில் போகிறவர் புள்ளியாகித் தேய்வார். மலைநாட்டில் ஒரே கணத்தில் மறைந்துவிடுவார். பிரிவுக்குக் கணவாயைவிடப் பொருத்தமான இடம் அந்த நாட்டில் கிடையாது.

அரிராங் கோகே என்று பெயர் வைத்த பாதைகள் இன்று உண்டு. ஆனால் பாட்டில் வரும் கணவாய் வரைபடத்தில் இருப்பது இல்லை.

மற்ற சரணங்களும் பிரிவைப் பற்றியவைதானா?

நேரடியாக இல்லை. இரண்டாவது சரணம்: 'தெளிந்த வானத்தில் எத்தனை நட்சத்திரம், நம் நெஞ்சில் எத்தனை கவலை.' சிலர் கவலை என்ற இடத்தில் 'கனவு' என்றோ 'நம்பிக்கை' என்றோ பாடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் கூட்டாகப் பாடும்போது கனவு, கிழவி தனியாகப் பாடினால் கவலை என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரிய தவறு இருக்காது. மூன்றாவதில், 'அதோ அந்த மலைதான் பெக்து மலையாம், மார்கழிக் குளிரிலும் அங்கே பூ மட்டும் பூக்கும்' என்று வருகிறது. இப்படி ஒட்டாத சரணங்கள் சேர்வது இதன் இயல்பு. இரண்டு வரி கட்டத் தெரிந்தால் போதும், பல்லவியைப் பிடித்துக்கொண்டு யாரும் தன் கதையைச் சேர்த்துவிடலாம்.

அப்படிச் சேர்ந்து சேர்ந்துதான் ஏறத்தாழ 60 வகை அரிராங்குகளும், அவற்றுக்குள் 3,600 வேறுபட்ட பாடல்களும் இருப்பதாகக் கணக்குச் சொல்கிறார்கள். யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் 2012-இல் தென்கொரியாவின் பெயரிலும், 2014-இல் வடகொரியாவின் பெயரிலும் தனித்தனியாக இடம்பெற்றது.

காதலையும் பிரிவையும் இன்னும் ஆழமாகப் பாடுகிற அரிராங் எது?

என் மனதுக்கு ஜொங்சொன் அரிராங். தென்கொரியாவின் வடகிழக்கில் காங்வொன் மாகாணத்தின் மலைக்குள் இருக்கும் ஊர் ஜொங்சொன். 'பனி பெய்யுமோ, மழை பெய்யுமோ, அடைமழை பிடித்துக்கொள்ளுமோ, மான்சு மலையில் கருமேகம் கூடுகிறதே' என்று அதில் ஒரு சரணம். 1392-இல் கொர்யோ அரசு கவிழ்ந்தபோது புதிய மன்னனுக்குப் பணியாத சிலர் இந்த மலைகளில் வந்து ஒளிந்தார்கள், அவர்கள் பாடியது இது என்பது ஊர்க்கதை.

எனக்கு அதைவிடப் பெரிது ஆற்றங்கரைச் சரணம். ஜொங்சொன் பக்கம் இரண்டு ஆறுகள் கூடும் இடத்துக்கு அவுராஜி என்று பெயர். அந்தக் காலத்தில் அங்கிருந்துதான் மரங்களைத் தெப்பமாகக் கட்டி, நம்ஹான் ஆற்றில் விட்டுத் தலைநகர் வரை கொண்டுபோவார்கள். இக்கரையில் ஒரு பெண், அக்கரையில் ஒருவன். மறுநாள் சேர்ந்து தொங்பாக் பொறுக்கப் போகலாம் என்று பேசி வைத்தார்கள். ராத்திரி மழை கொட்டி ஆறு பெருகிவிட்டது, படகு ஓடவில்லை. கரையில் நின்று பாடுகிறாள்: 'அவுராஜிப் படகுக்காரரே, கொஞ்சம் அக்கரை சேர்த்துவிடும். சாரிகோல் பள்ளத்துத் தொங்பாக் எல்லாம் உதிர்கிறதே.'

பல மொழிபெயர்ப்புகளில் தொங்பாக்கைக் 'கமேலியா' என்று போட்டுவிடுகிறார்கள். கமேலியா தெற்கே கடலோரத்துச் செடி, இந்தக் குளிர்மலையில் வளராது. காங்வொன்காரர்கள் தொங்பாக் என்று சொல்வது இலையைக் கசக்கினால் இஞ்சி மணக்கும் வேறொரு சிறு மரத்தை. அதன் விதையைப் பிழிந்து தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எடுப்பார்கள். ஆக, அவள் பூப்பறிக்கப் போகவில்லை. கூந்தலெண்ணெய்க்கு விதை பொறுக்கும் சாக்கில் அவனைப் பார்க்கப் போகிறாள். இது தெரிந்த பிறகு அந்த 'உதிர்கிறதே' எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. விதை உதிர்ந்து முடிந்தால் சாக்கும் முடிந்தது.

அடுத்த சரணம் இன்னும் கனம். 'உதிர்ந்த தொங்பாக்காவது சருகின் மேல் சேர்ந்து கிடக்கும். நான்கு பருவமும் அவர் நினைப்பாகவே இருக்கிற என்னால் வாழ முடியவில்லை.' விழுந்த விதைக்குக்கூடத் தாங்கிக்கொள்ள ஒரு சருகு இருக்கிறது என்பதை இப்படி ஒரு பெண் ஆற்றைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். எழுதப் படிக்கத் தெரிந்தவளோ இல்லையோ, பெரிய கவி அவள்.

இந்த அரிராங்கைக் காங்வொன் மாகாணம் 1971-இல் தன் முதலாம் எண் மரபுக்கலையாக அறிவித்தது. அவுராஜிக் கரையில் அந்தப் பெண்ணுக்கு ஒரு சிலையும் இருக்கிறது.

மிரியாங் அரிராங்கும் ஜிந்தோ அரிராங்கும் எப்படிப்பட்டவை?

இரண்டும் துள்ளல். தென்கிழக்கின் மிரியாங் பாட்டு 'என்னைக் கொஞ்சம் பாருங்க, பாருங்க' என்று தொடங்குகிறது. எப்படிப் பார்க்க வேண்டுமாம்? கடுங்குளிரில் பூவைக் கண்டது போல. பிரிவு அல்ல, அழைப்பு.

ஜிந்தோ தென்மேற்கு மூலையில் உள்ள தீவு. 'முங்யொங் சேஜே என்ன கணவாயோ, வளைவுக்கு வளைவு கண்ணீராக இருக்கிறதே' என்பது அதன் புகழ்பெற்ற சரணம். சேஜே என்பது அந்தத் தீவுக்கு வெகு தொலைவில், தென்கிழக்கு நாட்டையும் தலைநகரையும் இணைத்த பெருவழியில் இருக்கும் கணவாய். அரசுத் தேர்வு எழுதப் போனவர்கள் அதைத் தாண்டித்தான் போவார்கள். கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தீவுக்காரர்கள் பாட்டில்கூட அழுவதற்கு ஒரு கணவாய் வேண்டியிருக்கிறது.

இதை எழுதியது யார்? எவ்வளவு பழையது?

நாட்டுப்பாடல், எழுதியவர் என்று ஒருவர் இல்லை. வேர் ஜொங்சொன் பக்கத்து மலைப்பாட்டில் இருக்கிறது, தெப்பக்காரர்களும் அரண்மனை வேலைக்கு வந்த கூலிகளும் அதைத் தலைநகருக்குக் கொண்டுவந்தார்கள் என்பது பரவலான கருத்து. ஹல்பெர்ட் 1896-இல் எழுதிய வடிவத்தில் பல்லவி கணவாயைச் சொல்லவில்லை, 'படகை மிதக்க விடு' என்கிறது. சரணத்தில் சேஜே மலையின் மரமெல்லாம் துணியடிக்கும் கட்டையாகப் போய்விடுகிறதே என்ற முறையீடு.

இன்று உலகம் அறிந்த வடிவம் அதைவிட இளையது. அது 1926-இல் வந்த ஒரு படத்தின் வழியாகப் பரவியது.

காதல் முறிவுப் பாட்டு எப்படி ஒரு நாட்டின் பாட்டானது?

அந்தப் படத்தால்தான். கொரியா 1910 முதல் 1945 வரை ஜப்பானின் பிடியில் இருந்தது. நா உன்-க்யூ என்ற இளைஞர் எழுதி இயக்கி, தானே நாயகனாகவும் நடித்த 'அரிராங்' 1926 அக்டோபர் 1 அன்று சியோல் நகரின் தான்சொங்சா அரங்கில் வெளியானது. மனநிலை பிறழ்ந்த இளைஞன் ஒருவன், தன் தங்கையைப் பலவந்தப்படுத்த வந்த நிலப்பிரபுவின் ஆளைக் கொன்றுவிடுகிறான். அந்த அதிர்ச்சியில் புத்தி தெளிகிறது. கையைக் கட்டிப் போலீஸ் அவனைக் கணவாய்க்கு மேல் கூட்டிப்போகும்போது ஊரே அரிராங் பாடுகிறது. ஊமைப்படம் என்பதால் பாட்டை அரங்கிலேயே பாடினார்கள், பார்த்தவர்களும் சேர்ந்து பாடினார்கள். படச்சுருள் ஒன்றுகூட இன்று இல்லை.

அந்த ஒரு காட்சியில் பாட்டின் முகவரி மாறிவிட்டது. கணவாயைத் தாண்டிப் போகிற 'நிம்' காதலர் மட்டும் இல்லை, சிறைக்குப் போகிற மகன், பறிபோன நாடு. வரியில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

அப்புறம் பாட்டு மக்களோடு நடந்தது. 1937-இல் சோவியத் ரஷ்யாவின் கிழக்கு எல்லையில் வாழ்ந்த கொரியர்கள் சுமார் 1,70,000 பேரை ஸ்டாலின் அரசு ரயிலேற்றி மத்திய ஆசியாவில் இறக்கிவிட்டது. உஸ்பெகிஸ்தானிலும் கஜகஸ்தானிலும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் பலருக்குக் கொரியம் பேச வராது. அரிராங் தெரியும். நாடு இரண்டாகப் பிரிந்த பிறகு, 1991-இல் ஜப்பானின் சிபா நகரில் நடந்த உலக மேசைப்பந்துப் போட்டியில் இரு கொரியாக்களும் ஒரே அணியாக ஆடின. பெண்கள் தங்கம் வென்றார்கள். எந்த நாட்டின் கீதத்தை வாசிப்பது? அரிராங்கை வாசித்தார்கள். பிரிந்துகிடக்கிற இரண்டு பேருக்கும் பொதுவாக மிஞ்சியது ஒரு பிரிவுப் பாட்டு. இதை எழுதும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இவ்வளவு சோகம் என்றால், கல்யாணத்திலும் விளையாட்டு மைதானத்திலும் சிரித்துக்கொண்டே பாடுகிறார்களே?

தாளத்தைக் கேளுங்கள். 'செமாச்சி' என்ற தாளம், மூன்று மூன்றாக எண்ணும் நடை. நம் கணக்கில் திஸ்ரம்: தகிட தகிட தகிட. உடுக்கையைப் பெரிதாக்கிப் படுக்க வைத்தது போன்ற 'சாங்கு' என்ற முழவில் வாசிப்பார்கள். அந்தத் தாளத்தில் உட்கார்ந்து அழ முடியாது, தோள் தானாக ஆடும். மெதுவாக எடுத்தால் புலம்பல், வேகமாக எடுத்தால் ஆட்டம். கொரியர்கள் எதற்கெடுத்தாலும் 'ஹான்' என்ற ஆறாத் துயரம்தான் எங்கள் இசை என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அது பாதி உண்மை. அந்தத் தோளாட்டம் இல்லாமல் அரிராங் இல்லை.

தமிழில் பாட முடியுமா?

மெட்டு மிக எளிது, ஐந்து சுரம். வீட்டில் பாடிப் பார்க்க நான் கட்டிவைத்திருப்பது இது:

அரிராங் அரிராங் அராரியோ
அரிராங் மேட்டைத் தாண்டிப் போகிறார்
என்னை விட்டுவிட்டுப் போகிறவரே
ஒரு நாழி நடக்குமுன் கால் நோகும்

பத்து ரியை 'பத்துக் கல்' என்று போடாதீர்கள், பத்து மைல் ஆகிவிடும், தூரம் நான்கு மடங்கு கூடிப்போகும். திரும்பி வருகிற தூரமாக இருக்க வேண்டும்.

கடைசியில் அவர் திரும்பி வந்தாரா?

பாட்டு சொல்லவில்லை. அதோடு, என் தமிழ் வரியில் ஒரு குறை இருக்கிறது. 'போகிறார்' என்று எழுதியிருக்கிறேன். கொரிய 'நொமொகந்தா'வில் யார் தாண்டுகிறார் என்பதே இல்லை. தமிழ் வினைக்கு யாரென்று சொல்லாமல் முடியத் தெரியாது, கொரிய வினைக்குத் தெரியும். அவர் தாண்டிப் போகிறார் என்றும் கேட்கலாம், நான் தாண்டிப் போகிறேன் என்றும் கேட்கலாம். ஒருமுறை அவரைப் போகவிட்டுப் பாடிப் பாருங்கள். அடுத்த முறை அதே வரியில் நீங்களே மேட்டில் ஏறிப் பாருங்கள், கால் நோவு யாருடையது என்பது மாறிவிடும்.